கல்லுக்கு அடியில் ஒரு துணி

(அக்கரையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்த தோட்டத் தொழிலாளர்கள், கிராணிமார்கள் அடங்கிய குழுவினருக்குத் தேக்கா வட்டாரத்து மண்டபம் ஒன்றில் ஞாயிறு காலை ஆற்றப்பட்ட உரை. உரையாற்றியவர் வடிகால் வேலைகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பால்மரக் காட்டில் பிறந்தவன். என் தகப்பனார் மலைக்காட்டில் பால் வெட்டினார். தாயார் புல்வெட்டுக்குப் போனார். நான் சிறுவனாக இருந்தபோது மங்கு துடைத்தேன், பால் வாளி தூக்கினேன். பிறகு இங்கே வந்து முப்பது வருஷம் அல்லூறு வெட்டுகிற வேலையிலும் ஆற்றங்கரை கட்டுகிற வேலையிலும் காலத்தைக் கழித்தேன். ஆகையால் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்று. தண்ணீர் மண்ணை எப்படித் தின்கிறது என்பதுதான் அது.

உங்கள் கிளைச் செயலாளர் போன மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஆறு வளைகிற இடத்தில் கரை இடிந்துகொண்டே வருகிறதாம். பிள்ளைகள் பந்து விளையாடிய திடல் போய்விட்டது. இப்போது ஆற்றுக்கும் கோயிலுக்கும் இடையே நாற்பது அடிதான் மிச்சம். கோயிலுக்கு அடுத்தது லயம். நிர்வாகம் இரண்டு லாரி கல் கொண்டுவந்து கொட்டியது. மூன்று பெரிய மழைக்குப் பிறகு கல்லைக் காணோம். "அவ்வளவு பெரிய கல்லையும் ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டதா?" என்று அவர் கேட்டிருந்தார்.

போகவில்லை, தோழர்களே. கல் கொட்டிய இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் கீழே இருக்கிறது. மண்ணுக்குள் இறங்கிவிட்டது. எப்படி இறங்கிற்று என்பதையும், இறங்காமலிருக்க என்ன செய்யலாம் என்பதையும் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை நேரிலேயே காட்டுகிற இடத்துக்கும் போகப் போகிறோம்.

முதலில் ஆறு கரையை எப்படி இடிக்கிறது என்று பார்ப்போம். மேலே ஓடுகிற வெள்ளம் வந்து மோதி இடிக்கிறது என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். வளைவில் ஓடுகிற தண்ணீர் வெளிக்கரைப் பக்கம் வேகமாகப் போகும். போகும்போது கரையின் அடியைத் தோண்டும். அடி போனால் மேலே இருப்பது தானே சரியும். வாழைமரத்தின் காலில் மண்ணைப் பறித்துவிட்டு மரம் ஏன் சாய்ந்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை அல்லவா?

மற்றப் பாதி நம் கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் கரை முழுவதும் தண்ணீர் குடித்து ஊறியிருக்கும். மழை விட்டதும் ஆற்றுநீர் சடாரென்று வடியும். கரைக்குள் ஊறிய தண்ணீரோ அவ்வளவு சீக்கிரம் வடியாது. மெல்ல மெல்ல ஆற்றை நோக்கிக் கசியும். கசிகிற தண்ணீர் சும்மா வராது. பொடிமண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வரும். நீங்கள் கொட்டிய கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கை நுழைகிற சந்து இருக்கிறது. அந்தச் சந்து வழியே உள்ளே இருக்கிற மண் வெளியே போகிறது; போன மண்ணின் இடத்துக்குக் கல் இறங்குகிறது. வெள்ளம் வந்த நாளைவிட, வெள்ளம் வடிந்த மறுநாள்தான் பல கரைகள் சரிகின்றன. லயத்தில் இருக்கிற தாய்மார்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். வெயில் அடிக்கிற நாளில் திடீரென்று "தொப்" என்று சத்தம் கேட்கும்.

"அப்படியானால் சிமெண்டுச் சுவர் கட்டிவிடலாமே, சிங்கப்பூர்க்காரர்கள் செய்வதைப் போல" என்று ஒரு தோழர் வாசலில் என்னிடம் சொன்னார். நியாயமான கேள்வி. இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ரோச்சோர் கால்வாய் இருக்கிறது. அந்தக் காலத்தில் நம்மவர்கள் சிராங்கூன் சாலைப் பக்கம் மாடு வளர்க்க வந்து சேர்ந்ததற்கு இந்தத் தண்ணீரும் சதுப்பும் புல்லும் ஒரு காரணம். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டில். மாடும் போயிற்று, சதுப்பும் போயிற்று, பெயர் மட்டும் நிற்கிறது. தண்ணீர் சிமெண்டுக்குள் போயிற்று.

அதை நான் குறை சொல்ல மாட்டேன். 1969 டிசம்பரிலும் 1978 டிசம்பரிலும் இங்கே வந்த வெள்ளங்களில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. வீடுகள் நெருங்கிய ஊரில் தண்ணீரைச் சீக்கிரம் கடலுக்கு அனுப்ப வேண்டும், கொசு தங்கக் கூடாது, குறைந்த இடத்தில் காரியம் முடிய வேண்டும். அதற்குச் சிமெண்டு நன்றாக உழைத்தது. ஆனால் சிமெண்டுக்கும் ஒரு குணம் உண்டு. வழவழப்பான தரையில் தண்ணீர் வேகம் பிடிக்கும். தன் கஷ்டத்தைக் கீழே இருக்கிறவன் தலையில் கொண்டுபோய் இறக்கும். சிமெண்டு முடிகிற இடத்தில், மண் தொடங்குகிற இடத்தில், அந்த வேகம் முழுவதும் குழி பறிக்கும். நான் எத்தனையோ கால்வாய் வாயில்களில் ஆள் உயரக் குழியைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வளைவில் மட்டும் சுவர் எழுப்பினால் கோயில் பிழைக்கும். கீழே இருக்கிற கம்பத்துக்காரன் கரை என்ன ஆகும்?

இப்போது துணிக்கு வருகிறேன். இதோ இரண்டு துண்டு கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து பின்னால் அனுப்புங்கள். தடவிப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள். ஒன்று கோணிச்சாக்கைப் போல நெய்தது. மற்றொன்று நெய்யாதது, கம்பளியைப் போல, ஊசியால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னியது. பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் என்ற செயற்கை இழைகளால் ஆனவை. ஜியோடெக்ஸ்டைல் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். வேலையிடத்தில் நாங்கள் வெறுமனே "துணி" என்போம்.

இந்தத் துணியின் வேலை என்ன? பால் கொட்டகையில் வடிகட்டி பார்த்திருக்கிறீர்கள். பால் இறங்கும், கட்டிப்பாலும் பட்டையும் மேலே நிற்கும். அதே வேலைதான். தண்ணீரை விடும், மண்ணை நிறுத்தும். முதலில் கொஞ்சம் பொடிமண் துணியைத் தாண்டிப் போகும். அதன் பிறகு துணிக்குப் பின்னால் பருமணல் ஒட்டி நிற்கும், அதன் பின்னால் சிறுமணல், அதன் பின்னால் பொடி. மண்ணே தனக்கு ஒரு வடிகட்டி கட்டிக்கொள்ளும். துணி அதற்குக் கால்கோள் செய்கிறது, அவ்வளவுதான். துணியின் மேல் கல்லைப் பரப்பினால் வெள்ளத்தின் வேகத்தைக் கல் தாங்கும், உள்மண்ணைத் துணி தாங்கும். கல் இறங்காது.

துணிக்கு முன்னால் என்ன செய்தார்கள்? மணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று அடுக்கடுக்காகப் போட்டார்கள். நல்ல முறைதான். ஆனால் ஓடுகிற தண்ணீருக்கு அடியில் அரை முழ மணலை ஒரே கனமாகப் பரப்பச் சொல்லுங்கள் பார்ப்போம்! டச்சுக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்காக வில்லோ மரத்துச் சுள்ளிகளைப் பாயாகக் கட்டி, மிதக்கவிட்டு, கல் ஏற்றி ஆற்றடியில் அமிழ்த்தினார்கள். 1953 பிப்ரவரி முதல் தேதி கடல் பொங்கி அந்த நாட்டில் 1,836 பேர் மாண்டார்கள். அதன் பிறகு முகத்துவாரங்களை அடைக்கும் பெருவேலை தொடங்கியபோது சுள்ளிப் பாய் மட்டும் போதவில்லை. நைலான் துணியையும் நைலான் மூட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், 1958இல், அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் சிமெண்டுக் கட்டிகளுக்கு அடியில் நெய்த பிளாஸ்டிக் துணியை விரித்துப் பார்த்தார்கள். ஜியோடெக்ஸ்டைல் என்ற பெயர் வந்தது 1977இல்தான். நம் தகப்பன்மார் வடிகட்டி பிடித்த காலத்தில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது.

சரி, இங்கே என்ன செய்தார்கள்? காலாங் ஆறு இந்தத் தீவின் நீளமான ஆறு. சுமார் பத்து கிலோமீட்டர். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கிக் காலாங் படுகை வழியாக மரீனா நீர்த்தேக்கத்தில் சேருகிறது. ரோச்சோர் தண்ணீரும் கடைசியில் அங்கேதான் போகிறது. பீஷான் பகுதியில் இந்த ஆறு ஒரு நேர்கோட்டுச் சிமெண்டுக் கால்வாயாக, ஒரு பெரிய பூங்காவின் ஓரமாக ஓடிற்று. ஆற்றுக்கும் பூங்காவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, இடையில் வேலி.

2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்நிலைகளை மக்களுக்கு அருகில் கொண்டுவரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்கீழ், தேசியப் பூங்காக் கழகத்தோடு சேர்ந்து, அந்தக் கால்வாயை உடைத்து மறுபடி ஆறாக்க முடிவு செய்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த டிரைசைட்டல் என்ற வடிவமைப்பாளரின் குழு வரைபடம் தயாரித்தது. 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய், பூங்காவுக்குள் வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் ஆறாயிற்று. முன்பு 17 முதல் 24 மீட்டர் அகலத்துக்குள் அடங்கிக் கிடந்த தண்ணீர், பெருமழையில் ஏறக்குறைய 100 மீட்டர் வரை விரிய இடம் கிடைத்தது. 2012 மார்ச்சில் திறந்தார்கள்.

சொல்வது சுலபம். சிமெண்டை எடுத்துவிட்டால் வளைவுக்கு வளைவு மண் போகுமே! நம் நாட்டு மழை உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். ஐரோப்பாவில் செய்த முறை இங்கே நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 2009இல் அந்தப் பூங்காவிலேயே ஒரு பக்க வடிகாலில், சுமார் அறுபது மீட்டர் நீளத்துக்குப் பத்து விதமான முறைகளைப் போட்டு, பலவகைச் செடிகளை நட்டு, மழையில் விட்டுப் பார்த்தார்கள். தாக்குப் பிடித்தவற்றில் ஏழு முறைகளைப் பெரிய ஆற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். மழையிடமே பரீட்சை வைத்தார்கள்!

அந்த ஏழில் துணி முக்கியமானது. ஒரு முறையைச் சொல்கிறேன். துணியை விரித்து, அதன் மேல் மண்ணைப் போட்டு இறுக்கி, துணியின் நுனியை மடக்கி மேலே மூடுவார்கள். இலையில் கொழுக்கட்டை மடிப்பதைப் போல. அதன் மேல் இன்னொரு மடிப்பு, கொஞ்சம் உள்ளே தள்ளி. இப்படிப் படிப்படியாகக் கரை எழும்பும். மடிப்புக்கும் மடிப்புக்கும் இடையே உயிருள்ள குச்சிகளையும் செடிகளையும் வைப்பார்கள். வேர் துணியைத் துளைத்து உள்ளே போகும். மழைக்கும் வேருக்கும் இடையே ஒரு போட்டி நடக்கிறது. வேர் பிடிக்கும் வரை துணி காவல் நிற்கிறது. வேறு இடங்களில் சரிவின் மேல் துணி விரித்துச் செடி நட்டார்கள். வேகம் அதிகமான வெளிவளைவுகளில் கல் அடுக்கினார்கள், கம்பிக்கூடையில் கல் நிரப்பி வைத்தார்கள், சுள்ளிக் கட்டுகளைப் பதித்தார்கள். ஆற்றின் ஒவ்வொரு இடத்துக்கும் ஏற்ற மருந்து. மலைக்காட்டில் படிவரிசை வெட்டி, மழைநீர்க் குழி தோண்டி, மூடுபயிர் விட்ட நமக்கு இது புரியாத வித்தையா? புல்லே இல்லாமல் சுத்தமாகச் சுரண்டி வைத்த பழைய தோட்டங்களில் மேல்மண் ஆற்றோடு போனதை நம் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு அங்கே நீர்நாய்கள் நீந்துகின்றன. பிள்ளைகள் கரையில் இறங்கி விளையாடுகிறார்கள். தண்ணீர் ஏறினால் எச்சரிக்க விளக்கும் ஒலியும் வைத்திருக்கிறார்கள். உடைத்த சிமெண்டுத் துண்டுகளை வீசாமல் ஒரு சிறு குன்றில் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் ஏறி நின்று ஆற்றைப் பார்க்கலாம்; வயதானவர்கள் மெல்ல ஏறுங்கள்.

இனி நான் சொல்லப்போவது சொல்லப் பிடிக்காத விஷயம். ஆனால் கிராணி நண்பர்கள் இங்கே இருப்பதால் சொல்லத்தான் வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன் வேறொரு இடத்தில், ஒரு வடிகாலின் அடித்தளத்துக்கும் கரைக்கும் துணி விரித்துக் கல் அடுக்கும் வேலை. நான் மேற்பார்வையாளன். ஒரு துணியின் விளிம்பு அடுத்த துணியின் மேல் அரை மீட்டர் ஏற வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. மேலாற்றுப் பக்கத்துத் துணி மேலே, கீழாற்றுப் பக்கத்துத் துணி கீழே. அத்தாப்புக் கூரை வேய்வதைப் போல. அப்போதுதான் தண்ணீர் அடியில் புகுந்து தூக்காது. ஒரு சுருள் துணி குறைந்தது. வானம் கறுத்து வந்தது. "ஒரு சாண் போதும், மூடு" என்று மேலிருந்து சொன்னார்கள். மூடினோம். அன்றைய தினக்குறிப்பில் "வரைபடப்படி வேலை முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

இரண்டு மாதம் கழித்து, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை அந்தக் கல்லின் மேல் நின்று குப்பை அள்ளிக்கொண்டிருந்தான். கல் உள்ளே போயிற்று. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தோண்டிப் பார்த்தால் துணியின் இணைப்பு விலகி, எண்ணெய்ப் பீப்பாய் அளவுக்குக் குழி. விசாரணையில் அவன் கவனமில்லாமல் நின்றான் என்று பேச்சு வந்தது. வேலை ஒழுங்காக நடந்தது என்பதற்கு என் தினக்குறிப்பைக் காட்டினார்கள். நான் போய் உள்ளதைச் சொன்னேன். ஆனால் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அவனுக்கு இழப்பீடு கிடைத்தது; ஊருக்குப் போனான். அந்தப் பதினொரு நாள் அவன் ஆஸ்பத்திரியில் என்ன நினைத்துப் படுத்திருந்தான் என்பதை இன்னும் நான் யோசிப்பதுண்டு.

துணி வேலையின் தொல்லை இதுதான். மூடிய பிறகு யாரும் பார்க்க முடியாது. செக்ரோலில் தப்பு இருந்தால் சம்பள நாளில் தெரிந்துவிடும். இது தெரியக் காலம் ஆகும். தெரியும்போது ஒருவன் அதன் மேல் நின்றுகொண்டிருப்பான். அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு இணைப்பிலும் அளவு நாடாவை வைத்துப் படம் எடுக்காமல் கல் இறக்க விட்டதில்லை. சக வேலைக்காரர்கள் என்னைக் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

ஆகவே உங்கள் வளைவுக்கு வேலை நடந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சரிவை மட்டமாக்கி, வேர்க்கட்டை, கூர்க்கல் எல்லாம் எடுத்த பிறகுதான் துணி விரிக்க வேண்டும். துணி மண்ணோடு ஒட்டிப் படிய வேண்டும், அடியில் காற்று நிற்கக் கூடாது. மேல்நுனியைக் கரை மேட்டில் ஒரு பள்ளம் வெட்டிப் புதைக்க வேண்டும். கீழ்நுனிதான் உயிர்நாடி. ஆற்றடிக்கும் கீழே தோண்டி, கல்லோடு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு முதலில் அங்கேதான் கை வைக்கும். தண்ணீருக்கு அடியில் விரித்தால் ஒன்றின் மேல் ஒன்று ஒரு மீட்டர் ஏறுவது நல்லது. கல்லை உயரத்திலிருந்து கொட்டினால் துணி கிழியும். மண்வாரி இயந்திரம் தாழ்ந்து வந்து வைக்க வேண்டும். விரித்த துணியை வெயிலில் வாரக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது, வெயில் இழையைத் தின்றுவிடும். எந்தத் துணி என்பதை மண்ணைச் சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். களிமண்ணுக்குப் பொருந்தாத துணி போட்டால் கண் அடைத்துப்போய், உள்ளே தண்ணீர் தேங்கி, கரையையே தள்ளிவிடும்.

கரையின் மேற்பகுதிக்குச் செயற்கைத் துணி வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். பிளாஸ்டிக் இழை நைந்தால் ஆற்றிலும் மீனிலும் போய்ச் சேரும். தென்னை நார்ப் பாய் இருக்கிறது. பொள்ளாச்சியிலும் ஆலப்புழையிலும் நம்மவர்கள் திரிக்கிற நார்தான். சில வருஷத்தில் மட்கிவிடும். அதற்குள் வெட்டிவேரும் புல்லும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் எப்போதும் மோதுகிற அடிப்பகுதிக்கு மட்டும் செயற்கைத் துணியும் கல்லும் போதும்.

இன்னொன்று. ஆறு தோட்டத்துக்குச் சொந்தமில்லை; மாநிலத்தைச் சேர்ந்தது. நிர்வாகத்திடம் மட்டும் கேட்டு நிற்காமல் நீர்ப்பாசன வடிகால் இலாகாவுக்கும் எழுத வேண்டும். "கரை இடிகிறது ஐயா" என்று எழுதினால் கோப்பில் தூங்கும். கோயில் முனையிலிருந்து கரை வரை முளைக்குச்சி அடித்து, மாதம் ஒரு தடவை அளந்து, தோட்டத்து மழைமானிக் கணக்கோடு சேர்த்து எழுதுங்கள். எந்தத் தேதியில் எத்தனை அங்குல மழை, எத்தனை அடி கரை போயிற்று என்று. மழைமானிக் கணக்கு கிராணியார் கையில் இருக்கிறது. கரை எங்கே முதலில் விரிசல் விடும் என்பது காலையில் ஆற்றோர நிரைக்குப் போகிற பால்வெட்டுக்காரருக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதுங்கள். உங்கள் செயலாளர் விரும்பினால் அந்தக் கடிதத்தை நானும் பார்த்துக் கொடுக்கிறேன். இப்போது எனக்கு வேறு வேலை இல்லை.

அந்தத் துணித் துண்டுகள் பின்வரிசைக்கு வந்துவிட்டனவா? செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள், தோட்டத்துக்கு எடுத்துப் போகட்டும். சாப்பாடு கீழே தயாராக இருக்கிறது. இரண்டு மணிக்குப் பீஷானுக்குப் பஸ் புறப்படும். அங்கே போனதும் ஆறு வளைகிற வெளிப்பக்கத்தைப் பாருங்கள். கல்லுக்கு இடையில் வேர் இறங்கியிருக்கும். துணி எங்கே என்று தேடாதீர்கள். வேலை சரியாக நடந்திருந்தால் அது கண்ணில் படாது.